14 மி.மீ குரூப் மறுவாரம் 41 மி.மீ ஆனது ஏன்?

நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். .308 வின்செஸ்டர் வேட்டை ரைஃபிளுக்கு நீங்களே தோட்டா அடைக்கிறீர்கள். வெடிமருந்தின் அளவைப் படிப்படியாக ஏற்றிப் பத்து அளவுகளில், அளவுக்கு மூன்று தோட்டா வீதம் அடைத்து 100 மீட்டரில் சுட்டிருக்கிறீர்கள். ஓர் அளவில் மூன்று ஓட்டைகளும் 14 மி.மீ-க்குள் விழுந்தன (இப்படி ஒரே குறிக்குச் சுட்ட ஓட்டைகளின் கூட்டத்தைத்தான் குரூப் என்கிறோம்). மற்ற ஒன்பதும் 20-இலிருந்து 47 மி.மீ வரை பரவின, மொத்தச் சராசரி 30 மி.மீ. 14 மி.மீ தந்த அளவையே தேர்ந்தெடுத்து மறுவாரம் சுட்டால் 41 மி.மீ வருகிறது. "மருந்தை மாற்றவா, குண்டு வைக்கும் ஆழத்தை மாற்றவா, பிரைமரை மாற்றவா?" என்று கேட்டிருக்கிறீர்கள். தராசு, கேஸ் (மருந்தையும் குண்டையும் தாங்கும் பித்தளைக் கூடு), பிரைமர் (மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி), காற்று, உங்கள் கை என எல்லாவற்றையும் சந்தேகப்பட்டுவிட்டீர்கள். அந்த 14 மி.மீ-ஐ மட்டும் சந்தேகப்படவில்லை. ஒரு லோடு, அதாவது மருந்து, குண்டு, கேஸ், பிரைமர் இவற்றின் ஒரு குறிப்பிட்ட சேர்க்கை, நல்லது என்று நம்புவதற்கு எவ்வளவு சான்று வேண்டும் என்பதுதான் உங்கள் கேள்விக்கு அடியில் கிடக்கும் கேள்வி. நான் பல வருடங்களாக என் ரைஃபிள்களுக்குத் தோட்டா அடைப்பவன். என் தொழில் தரக் கட்டுப்பாடு, அதாவது அளவீடுகளில் எது நிஜம், எது தற்செயல் என்று பிரிக்கும் வேலை. அந்த இரண்டையும் வைத்துப் பதில் சொல்கிறேன்.

உறுதியாகச் சொல்லக்கூடிய கணக்கிலிருந்து தொடங்குவோம். ரைஃபிளிலும் தோட்டாவிலும் எதையுமே மாற்றாமல் சுட்டாலும் ஓட்டைகள் ஒரு மையத்தைச் சுற்றிச் சிதறும். மூன்று தோட்டாக் குரூப் என்பது அந்தச் சிதறலிலிருந்து எடுத்த மிகச் சிறிய மாதிரி. குரூப்பின் அளவைக் குறிக்கும்போது ஒன்றுக்கொன்று மிகத் தூரத்தில் உள்ள இரண்டு ஓட்டைகளின் இடைவெளியைத்தான் அளக்கிறோம். இந்த அளவு மூன்று தோட்டாவில் எப்படி அலையும் என்று கணக்குப் போட்டால், அதன் திட்டவிலக்கம், அதாவது சராசரியைச் சுற்றி அலையும் அளவு, சராசரியில் ஏறத்தாழ 37 சதவீதம் வருகிறது. உங்கள் சராசரி 30 மி.மீ என்றால், ஒரே லோடில் அடுத்தடுத்துச் சுடும் குரூப்களில் மூன்றில் இரண்டு பங்குதான் 19-க்கும் 41-க்கும் நடுவில் விழும். மிச்சம் அதற்கும் வெளியே போகும். மறுவாரம் வந்த 41 மி.மீ இந்த ரைஃபிளுக்கு அசாதாரணமே அல்ல.

அப்படியானால் 14 எப்படி வந்தது? பத்து முறை பார்த்து அதில் சிறியதைப் பொறுக்கி எடுத்ததால் வந்தது. பத்து பேர் ஆளுக்கு மூன்று முறை பகடை உருட்டினால் யாரோ ஒருவருக்கு மற்றவர்களை விடக் கூடுதலாக விழத்தான் செய்யும். அவர் கையில் ஏதோ விசேஷம் என்று யாரும் சொல்லமாட்டோம். பத்து குரூப்பிலும் ஒரே மருந்தளவு இருந்திருந்தாலும், சராசரி 30 மி.மீ உள்ள ரைஃபிளில் மிகச் சிறியது 15 மி.மீ-ஐ ஒட்டியும் மிகப் பெரியது 45-ஐத் தாண்டியும் வருவது எதிர்பார்க்கத்தக்கதே. உங்கள் 14-உம் 47-உம் ஏறக்குறைய அந்தக் கணக்கில் எழுதி வைத்தது போல அமைந்திருக்கின்றன. மருந்தளவுகளுக்கிடையே வித்தியாசமே இல்லை என்று இதனால் நிரூபணமாகிவிடாது. வித்தியாசம் இருக்கிறது என்று சொல்ல இந்த 30 தோட்டாக்களில் ஆதாரம் கிடையாது, அவ்வளவுதான்.

தோட்டா எண்ணிக்கை ஏற ஏறக் குரூப் பெரிதாகும் என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். சராசரியாக மூன்று தோட்டாவில் 30 மி.மீ தரும் ரைஃபிள், ஐந்தில் 38 மி.மீ-ஐயும் பத்தில் 47 அல்லது 48 மி.மீ-ஐயும் தரும். லோடு கெட்டுப்போனதால் இப்படி ஆவதில்லை. முன்பு கண்ணுக்குத் தெரியாமல் இருந்த சிதறல் இப்போது தெரிகிறது. "என் ரைஃபிள் ஒரு எம்ஓஏ" என்று யாராவது சொன்னால் எத்தனை தோட்டாவில், எத்தனை குரூப்பின் சராசரி என்று கேளுங்கள். எம்ஓஏ என்பது ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கான கோணம், 100 மீட்டரில் அது 29 மி.மீ. சுட்டதில் சிறந்த மூன்று தோட்டாக் குரூப்பைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அந்தப் பெயரைச் சொல்பவர்கள் நிறைய. பத்து தோட்டாவில் ஒரு எம்ஓஏ தரும் வேட்டை ரைஃபிள் உண்மையிலேயே நல்ல ரைஃபிள்.

புதிதாக எதையும் அடைப்பதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள், செலவில்லாதது. சுட்ட பத்து இலக்குத் தாள்களையும் எடுங்கள். மேலே ஒரு மெல்லிய டிரேசிங் தாள். ஒவ்வொரு இலக்கின் குறிப்புள்ளியும் டிரேசிங் தாளில் போட்ட ஒரே சிலுவைக்குறியின்கீழ் வரும்படி வைத்து, மூன்று ஓட்டைகளையும் பேனாவால் குறியுங்கள். குறைந்த மருந்தளவு ஐந்துக்கு நீலம், கூடிய ஐந்துக்குச் சிவப்பு. கடைசியில் 30 புள்ளிகள் ஒரே தாளில் இருக்கும். நீலமும் சிவப்பும் கலந்து ஒரே மேகமாகத் தெரிந்து, அதன் அகலம் 60 மி.மீ-ஐ ஒட்டி இருந்தால், இந்த ரைஃபிளுக்கு அந்த மருந்தளவுகளுக்குள் பெரிய பேதமில்லை என்று பொருள். அது நல்ல செய்தி. சிவப்பு மேகம் மட்டும் தெளிவாக மேலேயோ பக்கத்திலோ விலகி நின்றால், அல்லது நீலத்தை விடக் கண்கூடாக விரிந்திருந்தால், அங்கே தேடுவதற்கு ஏதோ இருக்கிறது. குரூப் அளவு என்ற ஒற்றை எண் இரண்டு ஓட்டைகளைத்தான் பார்க்கிறது. இந்தத் தாள் முப்பதையும் காட்டும். எண்ணாக வேண்டுமென்றால், மேகத்தின் மையத்தைக் கண்டுபிடித்து, ஒவ்வொரு ஓட்டைக்கும் மையத்துக்கும் உள்ள தூரத்தை அளந்து சராசரி எடுங்கள். சராசரி ஆரம் என்று சொல்லப்படும் இந்த எண் 20 தோட்டாவில் ஏறத்தாழ 12 சதவீதப் பிழைக்குள் நிற்கும். மூன்று தோட்டாக் குரூப்பின் 37 சதவீதத்தோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

மெல்லிய குழல் உள்ள வேட்டை ரைஃபிளில் இருபதைத் தொடர்ந்து சுடமுடியாது என்ற ஆட்சேபம் நியாயமானது. குழல் சூடேறினால் சில ரைஃபிள்களில் அடிபடும் இடம் நகரும், ஸ்கோப்பின் முன்னால் கானல் அலையும். அதற்கு வழி எளிது. மூன்று அல்லது நான்கு சுட்டுவிட்டுக் குழல் கையைச் சுடாத அளவுக்கு ஆறும்வரை காத்திருங்கள், மறுபடி அதே குறிப்புள்ளியைப் பார்த்துச் சுடுங்கள். எண்ணிக்கை பல நாட்களில் சேர்ந்தாலும் பரவாயில்லை. வேட்டைக்காரருக்கு இன்னும் முக்கியமானது குளிர்ந்த குழலின் முதல் தோட்டா. அதற்கென்று ஒரு தனி இலக்குத் தாளை வைத்துக்கொண்டு, சுடுதளத்துக்குப் போகும் ஒவ்வொரு நாளும் முதல் தோட்டாவை அதில் மட்டும் போடுங்கள். அந்தத் தாள் நிரம்பும்போது உங்கள் ரைஃபிளைப் பற்றி வேறெந்தச் சோதனையும் சொல்லாததைச் சொல்லும்.

ஸ்கோப்பை ஜீரோ செய்வதிலும், அதாவது குறிபார்க்கும் இடத்திலேயே குண்டு படும்படி திருத்துவதிலும், இதே சிக்கல் வருகிறது, பலர் கவனிப்பதில்லை. உங்கள் ரைஃபிளில் மூன்று தோட்டாவின் மையம், உண்மையான மையத்திலிருந்து பக்கவாட்டில் 7 மி.மீ, உயரத்தில் 7 மி.மீ விலகியிருப்பது இயல்பு. கால் எம்ஓஏ ஸ்கோப்பில் ஒரு கிளிக்கே 100 மீட்டரில் ஏறத்தாழ 7 மி.மீ தான். ஆக மூன்று தோட்டா சுட்டு ஒரு கிளிக் வலது, இன்னும் மூன்று சுட்டு ஒரு கிளிக் மேலே என்று திருகுவது தற்செயலைத் துரத்துவதாகிவிடுகிறது. பத்து சுட்டு மையத்தைக் கண்டுபிடித்து ஒரே தடவை திருத்துங்கள். இரண்டு லோடுகளின் அடிபடும் இடம் மாறுகிறது என்று முடிவு கட்டுவதற்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

வேகம் அளக்கும் குரோனோகிராஃப் வைத்திருப்பதாக எழுதியிருந்தீர்கள். நல்லது, ஆனால் அதன் எண்களையும் இதே கண்ணோடு பாருங்கள். பத்து தோட்டாவில் வேகத்தின் திட்டவிலக்கம் நொடிக்கு 4 மீட்டர் என்று கருவி காட்டினால், உண்மை மதிப்பு 2.8-இலிருந்து 7.3 வரை எங்கும் இருக்கலாம் என்பதுதான் 95 சதவீத நம்பிக்கை எல்லை. ஐந்தே தோட்டா என்றால் 2.4-இலிருந்து 11 வரை விரியும். மருந்தளவை ஏற்றிக்கொண்டே போகையில் வேகம் ஏறாமல் சமமாக நிற்கும் இடம் ஒன்று வரும், அதுதான் நல்ல லோடு என்று சொல்வார்கள். .308 அளவுள்ள கேஸில் ஒரு கிரெய்ன் மருந்துக்கு, அதாவது 65 மில்லிகிராமுக்கு, வேகம் ஏறத்தாழ நொடிக்கு 15 மீட்டர் கூடும். 0.3 கிரெய்ன் படியில் ஏறினால் படிக்கு 5 மீட்டர்தான். தோட்டாவுக்குத் தோட்டா 4 மீட்டர் ஆடும்போது, படிக்கு ஒன்றோ இரண்டோ சுட்டு வரையும் கோட்டில் சமதளங்கள் தானாகவே முளைக்கும். திரும்பச் சுட்டால் வேறு இடத்தில் முளைக்கும். ஒரே ஏணியை, அதாவது படிப்படியாக ஏறும் அதே மருந்தளவு வரிசையை, மூன்று தடவை சுட்டு, சமதளம் மூன்றிலும் ஒரே இடத்தில் வந்தால் மட்டும் அதை மதியுங்கள். தராசில் 0.02 கிரெய்ன்வரை போராடுவதும் இதே கணக்கில் அடங்கிவிடும். 0.1 கிரெய்ன் பிசகு நொடிக்கு 1.5 மீட்டர்தான், வேட்டைத் தூரத்தில் அது கண்ணில் படாது.

இனிச் சந்தேகத்துக்குரிய பகுதி. குழல் அதிர்வின் 'நோடு' பற்றி, அதாவது குண்டு வெளியேறும்போது குழல்முனையின் அசைவு சிதறலைக் கூட்டாது என்று சொல்லப்படும் மருந்தளவு பற்றி, நீங்கள் நிறையப் படித்திருக்கிறீர்கள் என்று தெரிகிறது. சுடும்போது குழல் அதிர்கிறது என்பது உறுதி. குண்டு வெளியேறும் கணத்தில் குழல்முனை எங்கே நோக்கியிருக்கிறது என்பது அடிபடும் இடத்தைப் பாதிக்கும் என்பதும் உறுதி. பிரிட்டனின் லீ-என்ஃபீல்ட் ரைஃபிள்களில், மெதுவான குண்டு குழல்முனை சற்று மேல்நோக்கும் நேரத்தில் வெளியேறுவதால் நெடுந்தூரத்தில் மேல்கீழ்ச் சிதறல் குறைந்தது என்பது சுடுநர்களுக்கிடையே வெகுகாலமாகத் தெரிந்த விஷயம். கிரெய்ட்டன் ஆடெட் என்ற அமெரிக்கச் சுடுநரின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் ஏணிச் சோதனையும் நெடுந்தூரத்தில் மேல்கீழ் விலகலைப் பார்க்கும் முறைதான். ஆனால் ஒரு சாதாரண வேட்டை ரைஃபிளில், 100 மீட்டரில், படிக்கு மூன்று தோட்டா வைத்து அந்த நோடைக் கண்டுபிடிக்கலாம் என்பது எனக்கு நம்பத்தகுந்ததாக இல்லை. விளைவு இருந்தாலும் அது சிதறலுக்குள் புதைந்து கிடக்கும். போட்டிகளில் ஜெயிப்பவர்கள் அந்த முறைகளைப் பயன்படுத்துகிறார்களே என்பீர்கள். அவர்கள் கனமான குழல், துல்லியமாக வெட்டிய சேம்பர் (குழலில் தோட்டா உட்காரும் அறை), உயர்ந்த ரகக் குண்டு, காற்றைப் படிக்கும் கண் இத்தனையும் வைத்திருப்பவர்கள். ஜெயிப்பில் நோடின் பங்கு எவ்வளவு என்று அதிலிருந்து பிரித்தெடுக்க முடியாது.

குண்டு வைக்கும் ஆழத்தைப் பொறுத்தவரை நான் நடுவில் நிற்கிறேன். ரைஃப்ளிங் (குழலின் உட்சுவரில் முறுக்கி ஓடும் வரிப்பள்ளங்கள்) தொடங்கும் இடத்துக்கும் குண்டுக்கும் உள்ள இடைவெளியைக் கணிசமாக மாற்றினால், உதாரணமாக முக்கால் மில்லிமீட்டர் முதல் ஒரு மில்லிமீட்டர் வரை, சில குண்டுகள் நடத்தையை மாற்றுகின்றன. கூர்மையான நீள் வளைவு கொண்ட குண்டுகள் இதில் அதிகக் கறார். முழுச்செம்புக் குண்டுகளுக்குச் சில தயாரிப்பாளர்களே கூடுதல் இடைவெளி வைக்கச் சொல்கிறார்கள். ஆனால் மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்காக நகர்த்தி, படிக்கு மூன்று சுட்டு, "இங்கே சுருங்குகிறது" என்று சொல்வதும் உங்கள் 14 மி.மீ-இன் கதைதான். இரண்டு அல்லது மூன்று ஆழங்கள், நல்ல இடைவெளி விட்டு, ஒவ்வொன்றிலும் பத்து தோட்டா. அது போதும். மேகசினில் அடங்கவேண்டும் என்ற வரம்பும் உண்டு. குண்டு ரைஃப்ளிங்கைத் தொட்டுக்கொண்டிருக்கும்படி வைத்தால் அழுத்தம் ஏறும். சுடாத தோட்டாவை வெளியே இழுக்கும்போது குண்டு குழலிலேயே மாட்டிக்கொண்டு மருந்து கொட்டவும் கூடும். வேட்டைத் தோட்டாவில் அந்த விஷப்பரீட்சை வேண்டாம்.

உண்மையில் பெரிய வித்தியாசம் செய்பவை எவை என்று கேட்டால் குழல், குண்டு, ரைஃபிள் ஸ்டாக்கில் (கைப்பிடிக் கட்டையில்) உட்காரும் விதம், ஸ்கோப் மாட்டிய உறுதி, இந்த வரிசையில் சொல்வேன். குழல்முனையின் விளிம்பு சேதமாகியிருந்தால் எந்த லோடும் காப்பாற்றாமல் போகலாம். ஸ்கோப் வளையத் திருகுகள் தளர்ந்திருக்கின்றனவா, ஸ்டாக்கின் முன்பகுதி குழலை அழுத்துகிறதா என்று தோட்டாவைத் தொடுவதற்கு முன்பே பாருங்கள். அடுத்தது குண்டின் வகை. ஒரே எடையில் வேறு தயாரிப்புக் குண்டுக்கு மாறினால் குரூப் பாதியாகக் குறைவதும் இரட்டிப்பாவதும் நடக்கும். இது மருந்தளவில் 0.3 கிரெய்ன் மாற்றுவதைப் போலச் சிதறலில் மறைவதில்லை, பத்து தோட்டாவிலேயே தெரிந்துவிடும். முறுக்கின் வேகமும், அதாவது ரைஃப்ளிங் எவ்வளவு நீளத்தில் ஒரு சுற்று சுற்றுகிறது என்பதும், பொருந்தவேண்டும். குண்டு நீளமாக ஆக வேகமான முறுக்கு தேவை. செம்பு ஈயத்தை விட அடர்த்தி குறைந்தது என்பதால் அதே எடையுள்ள முழுச்செம்புக் குண்டு நீளமாக இருக்கும். தாளில் ஓட்டைகள் வட்டமாக இல்லாமல் நீள்வட்டமாக விழுந்தால் குண்டு நிலைகொள்ளாமல் தள்ளாடிப் போகிறது என்று அர்த்தம். அந்தக் குண்டை அங்கேயே விட்டுவிடுங்கள்.

கேஸ் தயாரிப்பில் செய்யவேண்டியவை சில, அவை துல்லியத்தை விடப் பாதுகாப்புக்கே அதிகம் உதவும். போல்ட் (கையால் இழுத்துத் தள்ளும் பூட்டு) உள்ள ரைஃபிளுக்கு, சுட்டதில் விரிந்த கேஸைச் சுருக்கும்போது தோள்பகுதியை 0.05 மி.மீ பின்தள்ளினால் போதும். கேஸைச் சுருக்கும் அச்சான டையை அடிவரை இறக்கி அளவுக்கு மேல் தள்ளினால், ஒவ்வொரு முறை சுடும்போதும் கேஸ் அடிப்பக்கத்துக்குச் சற்று மேலே நீண்டு மெலிந்து, ஒருநாள் இரண்டாக அறுந்துவரும். வெளியே அந்த இடத்தில் ஒரு பளபளப்பான வளையம் தெரிந்தால் சந்தேகப்படுங்கள். காகித கிளிப்பை நிமிர்த்தி, முனையைச் சிறு கொக்கியாக வளைத்து, கேஸுக்குள் விட்டுச் சுவரை உரசி மேலே இழுங்கள். கொக்கி ஒரு பள்ளத்தில் தட்டினால் அந்தக் கேஸை நசுக்கிக் குப்பையில் போடுங்கள். கேஸின் மொத்த நீளத்தைத் தோட்டா அடைக்கும் கையேட்டின் எல்லைக்குள் வெட்டி வையுங்கள். ஒரே தயாரிப்புக் கேஸ்களைச் சேர்த்து வையுங்கள். எடை வாரியாகப் பிரிப்பது, கழுத்தைக் கடைவது எல்லாம் வேட்டைத் தூரத்தில் பலன் தந்து நான் பார்த்ததில்லை.

அழுத்தத்தைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பதிலை முடிக்கமுடியாது. நீங்கள் பத்து படிகள் ஏறியிருக்கிறீர்கள், கடைசி இரண்டில் "பிரைமர் தட்டையாகவில்லை, அதனால் பிரச்சினை இல்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த ஒரு வரிதான் எனக்குக் கவலை தந்தது. .308-க்கு ஐரோப்பாவின் சிஐபி என்ற துப்பாக்கிப் பாதுகாப்புத் தர அமைப்பு விதித்த உச்ச அழுத்தம் 4,150 பார். பிரைமர் தட்டையாவது, கேஸின் அடியில் எஜெக்டர் (கேஸை வெளியே தள்ளும் பாகம்) தடம் பதிவது, போல்ட் இறுகுவது போன்றவை பெரும்பாலும் அந்த எல்லையைத் தாண்டிய பிறகே தெரிகின்றன. அடையாளம் இருந்தால் நிச்சயம் நிறுத்தவேண்டும். இல்லாவிட்டால் பத்திரம் என்று பொருளல்ல. உங்களிடம் இருக்கும் கருவிகளில் குரோனோகிராஃப்தான் இதற்கு ஓரளவு உதவும். கையேடு அதே குழல் நீளத்தில் உச்ச லோடுக்குத் தரும் வேகத்தை நீங்கள் குறைந்த மருந்திலேயே எட்டிவிட்டால், அழுத்தத்தையும் எட்டிவிட்டீர்கள் என்று எடுத்துக்கொண்டு இறங்குங்கள். மருந்துத் தயாரிப்பாளரோ குண்டுத் தயாரிப்பாளரோ வெளியிட்ட அட்டவணைதான் தொடக்கமும் முடிவும். நான் இங்கே ஒரு மருந்தளவைக்கூட எழுதாததற்கும் அதுவே காரணம். யாராவது பதிலில் எழுதினாலும் அட்டவணையோடு ஒப்பிடாமல் அடைக்காதீர்கள்.

குண்டு, கேஸ், பிரைமர், மருந்தின் புதிய தொகுப்பு, இவற்றில் எது மாறினாலும் தொடக்க அளவுக்கு இறங்கி மறுபடி ஏறவேண்டும். ஈயக்குண்டின் அட்டவணையை முழுச்செம்புக் குண்டுக்குப் பயன்படுத்தக்கூடாது. குறைந்தபட்ச அளவுக்குக் கீழேயும் போகாதீர்கள். மெதுவாக எரியும் மருந்தை மிகக் குறைத்து அடைத்தபோது ரைஃபிள்கள் உடைந்த செய்திகள் உண்டு. அதன் காரணம் இன்னும் விவாதத்தில் இருக்கிறது, ஆனால் எச்சரிக்கைக்கு அந்தத் தீர்ப்பு வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஐஎம்ஆர் 4831, எச் 4831 என்று ஒரே எண் கொண்ட இரண்டு மருந்துகள் விற்கின்றன. எரியும் வேகம் வேறு, அட்டவணை வேறு. ஆகவே மேசையில் ஒரு நேரத்தில் ஒரே மருந்து டப்பாதான் இருக்கவேண்டும், வேலை முடிந்ததும் மிச்சத்தை அதே டப்பாவில் கொட்டிவிட வேண்டும். மருந்து போட்ட கேஸ்கள் எல்லாம் தட்டில் நின்றபின், குண்டு வைப்பதற்கு முன், டார்ச்சை மேலிருந்து பிடித்து வரிசை வரிசையாக உள்ளே பாருங்கள். மருந்தின் மட்டம் எல்லாவற்றிலும் ஒரே ஆழத்தில் இருக்கும். ஒன்றில் உயர்ந்தோ தாழ்ந்தோ தெரிந்தால் அதைக் கொட்டி மறுபடி நிறுங்கள். அடைத்த தோட்டாவை வெயிலில் நிற்கும் வண்டியிலோ சூடான சேம்பரிலோ விட்டுவைத்தால் மருந்து சூடேறி அழுத்தமும் ஏறும்.

கடைசியாக, எவ்வளவு துல்லியம் போதும் என்ற கணக்கு. மானின் நெஞ்சறைக்கு 20 செ.மீ வட்டத்தை அளவுகோலாக வைப்பது வழக்கம். உங்கள் ரைஃபிள் இப்போதிருக்கும் நிலையிலேயே, மூன்று தோட்டாச் சராசரி 30 மி.மீ என்ற அளவில், சரியாக ஜீரோ செய்திருந்தால் 200 மீட்டரில் அந்த வட்டத்தைக் கிட்டத்தட்ட ஒருபோதும் தவறவிடாது. 300 மீட்டரில் 100-க்கு 97 உள்ளே விழும். குரூப்பை 20 மி.மீ-ஆகக் குறைத்தால் அந்த 97, 100-ஐ நெருங்கும். அந்த மூன்று தோட்டாவுக்காகத்தான் பலர் வருடக்கணக்கில் மருந்தை மாற்றிக்கொண்டிருக்கிறார்கள். இப்போது காற்றைப் பாருங்கள். .308-இல் சாதாரணக் குண்டு, நொடிக்கு ஒரு மீட்டர் குறுக்குக் காற்றில் 300 மீட்டரில் 4 முதல் 5 செ.மீ ஒதுங்கும். காற்றை நொடிக்கு 2 மீட்டர் தவறாகக் கணித்தால் மையமே வட்டத்தின் விளிம்புக்குப் போய்விடுகிறது, பாதித் தோட்டாக்கள் வெளியே. வேகம் நொடிக்கு 15 மீட்டர் கூடினாலோ குறைந்தாலோ 300 மீட்டரில் உயரத்தில் 3 செ.மீ தான் மாறும், 100 மீட்டரில் 3 மி.மீ. இவை மேசைமேல் மணல்பை வைத்துச் சுடும் கணக்கு. மண்டியிட்டோ மரத்தில் சாய்ந்தோ சுட்டால் உங்கள் சொந்த அசைவு இதையெல்லாம் விழுங்கிவிடும். வலியில்லாமல் ஒரே குண்டில் விழவேண்டிய உயிர் அது. மிச்சமிருக்கும் தோட்டாக்களை எங்கே செலவழிப்பது என்பதை இந்த எண்களை வைத்து முடிவு செய்யுங்கள் என்று மனதாரக் கேட்டுக்கொள்கிறேன்.

ஆகவே உங்களுக்கு என் யோசனை இது. மருந்து, பிரைமர், ஆழம் எதையும் இப்போதைக்கு மாற்றாதீர்கள். அட்டவணையின் உச்சத்துக்குத் தெளிவாகக் கீழே, வேட்டைக்குப் போதுமான வேகம் தரும் ஓர் அளவைத் தேர்ந்தெடுங்கள். 14 மி.மீ தந்த அளவுதான் ஆகவேண்டும் என்றில்லை. அது உச்சத்தை ஒட்டிய படிகளில் ஒன்றாக இருந்தால் விட்டுவிடுங்கள். அதில் 20 தோட்டா அடைத்து, குழலை ஆறவிட்டு, ஒரே குறிப்புள்ளியில் சுடுங்கள். இருபதும் 55 அல்லது 60 மி.மீ-க்குள் அடங்கினால் உங்கள் லோடு தயார். அதையே நிறைய அடைத்து, குரூப் பார்ப்பதை விட்டு, வேட்டையில் எந்த நிலைகளில் சுடுவீர்களோ அந்த நிலைகளில் பழகுங்கள். 80 மி.மீ-ஐத் தாண்டினால் மருந்தளவோடு மல்லுக்கட்டாமல் முதலில் திருகுகள், ஸ்டாக், குழல்முனை, பிறகு வேறு குண்டு என்று போங்கள். உங்கள் குழலின் முறுக்கு எத்தனை அங்குலத்துக்கு ஒரு சுற்று, குண்டு எந்த வகை, பத்து குரூப்களும் ஒரே நாளில் தொடர்ச்சியாகச் சுட்டவையா என்பதை நீங்கள் எழுதவில்லை. டிரேசிங் தாளில் 30 புள்ளிகளைக் குறித்ததும் அதன் படத்தையும் இந்த மூன்று விவரங்களையும் சேர்த்துப் போடுங்கள். சூடான குழலால் மேகம் ஒரு பக்கமாக நகர்ந்திருக்கிறதா என்று பார்த்துச் சொல்கிறேன்.